ஒரு நிமிஷம் பன்னிரண்டாவது நொடியில்

மார்ச் மாதக் கணக்கு வந்தபோது
எம்.சி. ரோட்டில், பில் போடும் கவுண்டரில்
நைட்டி வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்தேன்.
மேசைக்கடியில் போனை வைத்துத் திறந்தேன்.

எங்கள் பாட்டு
நாற்பத்தோராயிரத்து அறுநூறு முறை கேட்கப்பட்டிருக்கிறது.
வேலூரில். ஷார்ஜாவில்.
திருவொற்றியூரில் யாரோ ஒருவர்
ஒரே ராத்திரியில் பத்தொன்பது முறை
(அவருக்கு என்ன கஷ்டமோ).

சேர்ந்திருப்பது மூவாயிரத்து நூற்றிருபது ரூபாய்.
கீழே பொடி எழுத்தில்:
ஐயாயிரம் ஆகும்வரை வழங்கப்பட மாட்டாது.

கலைஞர் என்ற இடத்தில் எபினேசர்.
எபினேசர் மட்டும்.
சட்டி அடித்த லோகு இல்லை,
கீபோர்டு ஷகீரா இல்லை,
வரி எழுதிய நான் இல்லை.

"ஃபாரத்துல ஒரே ஒரு கட்டம்தான் இருந்துச்சு" என்றான் எபி.
பொய்யில்லை.
ஆனால் அந்த ஒரே கட்டத்தில்
கமா போட இடம் இருந்தது.

லோகு ஒன்றும் சொல்லவில்லை.
ஹார்பரில் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான்.
புளியந்தோப்பு இரண்டாம் மாடியில்
பழைய மெத்தைகளைச் சுவரில் சாய்த்த எங்கள் அறை
எட்டு நாள் பூட்டிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில்
மீன் செதில் ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள்
ஒரு போன் எங்கள் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.
எங்களுடையது என்றேன்.
தனபாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு தபா கேட்டா உனக்கு எவ்ளோ வரும்?"

"ஏழரைப் பைசா."

"ஏழரையா! பேர்லயே சனி குந்திக்கினு இருக்கே."
கூடையைச் சாய்த்துக் காட்டினாள்.
"இதோ உருவி ஓடுது பார் ஐஸ் தண்ணி,
இதுக்கே காசு ஜாஸ்தி.
சரி, மாசா மாசம் நூத்திப் பத்தொம்பது கட்றேனே,
அது எங்க போவுது?
நான் கேக்குறது இந்த ஒரு பாட்டுதான்."

எல்லார் பணத்தையும் ஒரே அண்டாவில் ஊற்றுகிறார்கள்,
பெரிய பாத்திரம் வைத்திருப்பவனுக்கு
நிறைய விழும் என்றேன்.

"அதெப்படி?
என் பேர்ல கட்டுற காசு
நான் காட்டுற ஆளுக்குத்தானே போவணும்?"

அண்டாவைக் கண்டுபிடித்தவர்கள் யாரிடமும்
இந்தக் கேள்விக்குப் பதில் நான் பார்த்ததில்லை.

நாற்பது ரூபாய் போட்டாள்.
நெத்திலி ஒரு கூறு காசு.
என் போன் ஒருமுறை அதிர்ந்தது.
பாட்டுக் கோப்பை அவளுக்கு அனுப்பினேன்.
எண்ணூரிலிருக்கும் நாத்தனார் கேட்டாளாம்.
"அனுப்ப மாட்டேன், நீயும் நாப்பது போடு"
என்று சொல்லிவிட்டாளாம்.
நாத்தனார் போட்டாள்.
அன்று இரவு அதிர்வு நாலு.

நாத்தனார்களை நம்பி
ஒரு தொழில் நடக்குமா, தெரியாது.

லோகுவை இழுத்து வந்தோம்.
நைட்டி பில்லின் பின்பக்கம் நாலு பேர் எழுதினோம்.
எபி முப்பது கேட்டான், மூஞ்சி அவனுடையதாம்.
"மூஞ்சிக்கு அஞ்சு பர்சன்டா?" என்றாள் ஷகீரா.
எட்டு நாளுக்குப் பிறகு லோகு சிரித்தான்.
எபிக்கு இருபத்தெட்டு,
மற்றவர்க்கு இருபத்து நாலு.
நாலு கையெழுத்து.
ஸ்கேன் பண்ணும் ஸ்டிக்கரைச் சட்டியின் விளிம்பில் ஒட்டினோம்.
இரண்டாவது பாட்டிலேயே வியர்வையில் உரிந்தது.

கமா போட்டுக் கொடுத்த விண்ணப்பம்
பதினொரு நாளில் திரும்பி வந்தது.
திரையில் நாலு பேரும் இருந்தோம்.
லோகு மட்டும் லோகோ ஆகியிருந்தான்.
"ரயில் இஞ்சின்தானே, இருக்கட்டும்" என்றான்.

அப்போதுதான் எபிக்கு ஞாபகம் வந்தது:
ஒரு நிமிஷம் பன்னிரண்டாவது நொடியில்
பேசின் பிரிட்ஜிலிருந்து கிளம்பிய வண்டி ஒன்று
எங்கள் ஜன்னலைக் கடக்கிறது.
புதிதாக ஒரு மென்பொருள் கிடைத்திருந்தது,
ரயிலைத் துடைத்தெடுத்துவிடும்.
துடைத்தான். பளிச்சென்று இருந்தது.

அடுத்த ஞாயிறு சொன்னேன்,
சத்தமில்லாத பாட்டு அனுப்புகிறேன் அக்கா, காசு வேண்டாம்.

கத்தியை நிறுத்தினாள்.
"எது, வண்டி போற சத்தமா?
அது வரச்சொல்லோதான் கத்தி தீட்டுவேன்.
நாப்பது ரூபா அதுக்கும் சேத்துதான் குடுத்தேன்."

மீன் வாங்காமல் ஓரமாக வந்து
எபிக்குப் போன் போட்டேன்.
பழையதை அழிச்சிட்டியா?