ஹாரன் பழகுதல்

சூப்பர் மார்க்கெட் ரசீதின் பின்பக்கம்
எட்வின் மூன்று வரி எழுதினார்:
ஸ்கூல் பஸ்
சசியின் வேன்
நாமே.
‘நாமே’யை எழுதிய கையோடு
அவரே அடித்தார்.
ஆறரைக்கு பர்காவில் கிடங்கு திறக்கவேண்டும் அவர்.
ஆகஸ்டிலிருந்து எனக்கு லேபில் முதல் ஷிப்ட்.

நடந்தால் பதினெட்டு நிமிஷம்.
நானே ஒருநாள் நடந்து பார்த்தேன்.
வாதி கபீரின் மொட்டை மலை ஓரமாய் இறங்கி,
ரவுண்டபவுட்டில் ரோடு கடக்கவேண்டும்.
முதல் லேன்காரர் நிற்பார்,
போ என்று கையும் காட்டுவார்.
நின்றது ஏனென்று
இரண்டாம் லேன்காரருக்குத் தெரியாது.
அபிஷாவுக்கு ஆறு வயது. ஜோவினுக்கு நாலரை.
பானெட்டுக்கு மேலே
இரண்டு தலையும் தெரியாது.

சசியின் வேன் மலிவு.
பன்னிரண்டு சீட்டில் பதினேழு பிள்ளைகள்.
‘குட்டிகளல்லே சேச்சி, ஒதுங்கி இருந்துக்கும்.’
பெல்ட் எங்கே என்றேன்.
சீட் இடுக்கில் முழங்கைவரை விட்டு
ஒரு நாக்கை மட்டும்
வெளியே இழுத்துக் காட்டினான்.
மாட்டக் கொக்கி இல்லை.

மிச்சம் பஸ்.
இரண்டு பேருக்கும் மாசம் நாற்பது ரியால்.
அதை ரூபாயாக்கி
சீட்டுப் பணத்தில் கழித்து
எட்வின் கொஞ்சநேரம் மேலே பார்த்தார்.
ஏசி உண்டு, ஆயா உண்டு,
பேர் கூப்பிட லிஸ்ட் உண்டு.
ஆனால் ஜோவின்
அசைகிற எதிலும் தூங்குவான்.
ஒருமுறை லிஃப்டிலேயே தூங்கினான்,
நாலாவது மாடிக்குள்.

அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.
வாட்ஸப்பில் வந்ததை
இரண்டு பேரும் படித்திருந்தோம்.
இரண்டு பேரும் அழித்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம்
கீழே போய்க் காரில் உட்கார்ந்தேன்.
கண்ணாடி ஏற்றி, இஞ்சின் அணைத்து.
ஆறு நிமிஷம்.
திரும்பி வந்தபோது
முதுகோடு ஒட்டியிருந்த சுடிதாரைப் பார்த்தும்
எட்வின் ஏனென்று கேட்கவில்லை.
முந்தின நாள் அவர் சட்டையும்
இப்படித்தான் இருந்தது.
நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயில் முடிந்து வந்து
பார்க்கிங்கில் பாடம்.
‘மக்களே, முழிச்சுப் பார்த்தா
யாருமே இல்லேன்னா என்ன செய்வே?’
‘அழுவேன்.’
‘அழுதுட்டு?’
கண்ணைக் கசக்கி எழுந்து
சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து
முன்னால் வந்தான்.
ஹாரனை ஒரு கையால் அமுக்கினான்.
இரண்டு கையால் அமுக்கினான்.
சத்தமே இல்லை.
‘குண்டி வச்சு உட்காருலே’ என்றாள் அக்கா.

கட்டடமே அதிர்ந்தது.
மூன்றாம் மாடியில் ஒரு பால்கனி திறந்து
தெலுங்கில் திட்டிற்று.
ஓடிவந்த நாத்தூர்
ஸ்டியரிங்மேல் ஏறியிருந்த பிள்ளையைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்.
அவருக்கும் சில்ஹட்டில் இந்த வயதில் ஒருத்தன்.
‘ஜோர் ஸே, பேட்டா’ என்றார்.
பால்கனியை நோக்கிக்
கையெடுத்துக் கும்பிட்டார்.

முதல் நாள்.
லேபில் ரத்தக் குழாய்கள்
தட்டில் ஆடிக்கொண்டிருந்தன.
ரூவியில் யார் ஹாரன் அடித்தாலும்
நான் நிமிர்ந்தேன்.
ரூவியில் எல்லோரும் அடிக்கிறார்கள்.
பேர் எழுதிய லேபிளை
இரண்டுமுறை மாற்றி ஒட்டித்
திரும்ப உரித்தேன்.

ஒன்றரைக்கு பஸ் வந்தது.
ஆயா பேர் கூப்பிட்டு, டிக் போட்டு,
கடைசி சீட்வரை போய்க் குனிந்து பார்த்துவிட்டே
கதவைச் சாத்தினாள்.
ஜோவின் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றான்.
‘என்னை யாருமே மறக்கலம்மா.’

வாட்டர் பாட்டிலை மட்டும்
பஸ்ஸில் விட்டிருந்தான்.