சாம்பிள் பாட்டில்

அதில் நான் ஒருநாளும் ஏறியதில்லை.
தண்டையார்பேட்டை டீசல் ஷெட்டின் பின்பக்கம்
ஏ.சி. ஒழுகும் சோதனை அறைக்கு
பத்து நாளைக்கு ஒருமுறை
நூறு மில்லி கறுப்பு எண்ணெயாக
அது வந்து சேரும்.
பாட்டில் கழுத்தில் நூல் கட்டிய சீட்டு:
நானூற்றுப் பதினேழு.

எனக்கு முன்னால் இந்த மேசையில் இருந்தவர் சையது முனீர்.
அவர் கையெழுத்தில் தொடங்குகிறது பதிவேடு.
வாரணாசியிலிருந்து வந்து இறங்கிய மாதம்
இரும்பு எட்டு, செம்பு மூன்று, ஈயம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால்,
'பச்சப்புள்ள'.

கூடூருக்கும் அப்பாலும் மெயில் வண்டி இழுத்த வருஷங்களில்
பக்கங்கள் வெளுப்பாகக் கிடக்கின்றன.
நன்றாக ஓடுகிற எஞ்சினைப் பற்றி
எழுத என்ன இருக்கிறது.

பிறகு சரக்கு. மணலி உரம், எண்ணூர் நிலக்கரி.
சிலிக்கான் ஏறுகிறது, மாதாமாதம் ஏறுகிறது.
காற்று வடிகட்டியில் ஓட்டை, உள்ளே தூசி என்று
சிவப்பு மையில் அடிக்கோடு.
அந்த வருஷம் நான் எர்ணாவூரில் ஒன்பதாம் வகுப்பு.
வெள்ளைச் சட்டை கொடியில் காய்ந்து சாம்பலாக இறங்கும்.
மூக்கைச் சிந்தினால் கர்ச்சீப்பில் கறுப்பு.
எனக்கு யாரும் சாம்பிள் எடுக்கவில்லை.

கொருக்குப்பேட்டை கேட்டில்
ஐம்பத்தெட்டு வேகன்களோடு அது நகர்ந்த நிதானத்துக்கு
இருபக்கமும் நின்ற டூவீலர்கள்
அதன் அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டின.
நானும் திட்டியிருக்கிறேன், பரீட்சைக்குப் போகிற வழியில்.
நம்பரைப் பார்க்கவில்லை.
இதுவாகவும் இருந்திருக்கலாம்.

ஒரு மார்கழி விடியலில்
கத்திவாக்கம் தாண்டி அப்சலோம் ஹாரன் அடித்தார்.
விடாமல் அடித்தார்.
லாரித் தண்ணீர் வந்த நாள்.
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக
ஒருத்தி தண்டவாளத்தின் மேல் இருந்தாள்.
அவ்வளவு பாரம் இழுக்கும் எஞ்சின்
நினைத்த இடத்தில் நிற்காது.
அப்சலோம் மூன்று மாதம் லீவு.
அடுத்து வந்த பாட்டிலைப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன்,
எல்லாம் அளவுக்குள்.
எண்ணெய்க்கு அதெல்லாம் தெரிவதில்லை.

கடைசியாக ராயபுரம் யார்டில்
கண்டெய்னர்களை முன்னே தள்ளி, பின்னே தள்ளி.
செம்பு நாற்பதைத் தொட்ட அன்று
'பேரிங் கவனிக்கவும்' என்று எழுதினேன்.
இந்த மேசையில் என் முதல் கையெழுத்து.
ஃபிட்டர் குமுதவல்லி திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.
"கரெக்டா சொல்லிக்கினியே,
ஆறாம் நம்பர் பூட்ச்சி!"
தோளில் ஒரு தட்டு.
துப்பட்டாவில் அந்த ஐந்து விரல்
எந்த சோப்புக்கும் போகவில்லை.

மேலே கம்பி வந்தது, மின்சாரம் வந்தது.
வயது கடந்தது, பழுது பார்க்கத் தகாதது என்று
ஒரு பக்கத்தில் முடித்தார்கள்.
நூற்றுப் பன்னிரண்டு டன் இரும்பாக ஏலம் போயிற்று.
பதிவேட்டில் குறுக்கே கோடு போட்டு மூடினேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஒரு பாட்டில்.
சீட்டில் நானூற்றுப் பதினேழு.
புதுப் பையன். பட்டியலில் அடிக்காமல் விட்டிருந்தோம்,
அவன் போய்ப் பிடித்து வந்துவிட்டான்.
கொட்டிவிடலாம்தான்.
மெஷின் சூடாக இருந்தது, வைத்தேன்.

இரும்பு பன்னிரண்டு. செம்பு ஐந்து. தண்ணீர் இல்லை.

'ஓடத் தகுதி' என்று எங்களிடம் ஒரு ரப்பர் முத்திரை உண்டு.
கோட்டுக்குக் கீழே குத்தினேன்.
வெளியே
கேஸ் கட்டரைப் பற்றவைத்தார்கள்.

அடுத்த பாட்டிலின் மூடி இறுகியிருந்தது.
துப்பட்டாவின் முனையால் பிடித்துத் திருகினேன்.