சாட்சிக் கண்ணாடி

கோட்டாறு கம்போளத்துக்குப் பின்னால்
பழைய உப்புக் கச்சேரி.
மேற்குச் சுவரில் ஒரு வெடிப்பு,
என் சுண்டுவிரல் நுழையும்.

"இடிஞ்சு விழும்னு ஒத்த வரி எழுதுங்க சாரே,
மூணு மாடி பார்க்கிங், பிளான் ரெடி"
என்றார் காண்ட்ராக்டர் ஞானசிகாமணி.
ரசவடை வாங்கித் தந்தார்.
தின்றேன்.

சுவரைக் கேட்காமல் எப்படி எழுத?
வெடிப்பின் குறுக்கே
மூன்று கண்ணாடித் துண்டுகள் ஒட்டி
மே 24 என்று தேதி போட்டேன்.
சுவர் அசைந்தால் கண்ணாடி விரியும்,
அவ்வளவுதான் வித்தை.

இடவப்பாதி கொட்டியது.
ஓடு ஒழுகி, அயனி உத்திரம் கறுத்து,
ஆவணக் கிடங்கில் தவளை.
மூன்றும் முழுசாக இருந்தன.
ஐப்பசியில் பழையாறு கரையேறியது.
அப்போதும்.
நடுக் கண்ணாடியின் மேல்
பல்லி ஒன்று தினமும் வந்து படுத்தது.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை
அந்தக் கண்ணாடி உடைந்து கிடந்தது.
வயிறு கலங்கியது, ஒத்துக்கொள்கிறேன்.
பிறகு குந்தியிருந்து பொறுக்கினேன்.

சுவர் இழுத்தால் கோடாக விரியும்.
இது நட்சத்திரமாகச் சிதறியிருந்தது.
பக்கத்தில் முக்கால் இஞ்சு ஜல்லி ஒன்று,
புத்தம் புதுசு.
இந்தக் கட்டிடத்தில் ஜல்லியே கிடையாது,
கருங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும்.

படிவத்தில் எழுதினேன்:
சுவர் நகரவில்லை. பழுது பார்க்கலாம்.
கல் எங்கிருந்து வந்தது என்பதற்குக்
கட்டம் இல்லை.
உறையில் போட்டு
இணைப்பு எண் நான்கு என்று ஒட்டினேன்.

புதுக் கண்ணாடி
இப்போது ஏணி வைத்தால் மட்டும் எட்டும்.
பல்லியை இன்னும் காணோம்.
ரசவடைக்கு இருபது ரூபாய்
ஞானசிகாமணிக்குக் கொடுக்க வேண்டும்.