சுவர்ப் பக்கம்

கிந்தௌதாஸ் வந்தது பிப்ரவரியில்,
காயலில் பனிக்கட்டி பிளக்கும் சத்தம்
கிளைபேதாவின் கடைசித் தெருவான
எங்கள் சமையலறை வரை கேட்ட நாளில்.
புகையூட்டிய மீன் ஒன்றைச்
செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தான்.
தொப்பியைக் கழற்றினான். கையுறையைக் கழற்றவில்லை.

"படகு விற்ற பணத்தில் உன் பங்கை
எடுத்துக்கொண்டது நான்தான், வைதோதாஸ்.
பழியையும் உன் தலையில் கட்டினேன்.
மன்னிப்பாயா?"

என் கணவர் என்னைப் பார்த்தார்,
எந்தப் படகு என்று கேட்பதுபோல்.

கிரேன் ஏணியிலிருந்து விழுந்தவரை
மருத்துவமனை எனக்குத் திருப்பித் தந்தபோது
பதினோரு வருடங்கள் குறைந்திருந்தன.
ரசீதில் அது இல்லை.
கடிகாரம், பெல்ட், இடது காலணி,
எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன்.
வலது காலணி எங்கே என்றுகூடச் சண்டை போட்டேன்.

"அதனாலென்ன, மன்னித்தேன்" என்றார்,
உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னால்
தள்ளுவாரே, அப்படி.
கிந்தௌதாஸ் அழுதான்.
மீனை மூவரும் கறுப்பு ரொட்டியோடு தின்றோம்.
எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

வங்கிக் கடிதங்களைப் பிரித்தவள் நான்.
இரவெல்லாம் மாடியில் நடந்த காலடிகளைக்
கீழே படுத்து எண்ணியவள் நான்.
ஏமாந்தவர் இங்கே இல்லை.
இல்லாதவர் சார்பில்
இருப்பவர் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?
எந்த நோட்டரியிடம் போய்க் கேட்பது?

கதவைச் சாத்திவிட்டு வந்து
"நல்ல மனிதன்" என்றார்.
"உன் முகம் ஏன் இப்படி இருக்கிறது?"

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அதே வருடங்களில்
இன்னொரு கதவும் திறந்துகொள்ளும்.

ஒரு குளிர்காலம் முழுக்க நான் இந்த வீட்டில் இல்லை.
கௌனஸில், ஒரு பல் மருத்துவரின் வீட்டில்,
வேறொரு கெட்டிலில்
தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.
ஏப்ரலில் திரும்பினேன்.
அவர் எதுவும் கேட்கவில்லை. சூப் இருக்கிறது என்றார்.
அன்றிரவு
முதல்முறையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.
பிறகு எல்லா இரவும்.

இப்போது இருப்பவர்
கல்யாணமான மறுவருடத்துப் பெண்ணைப்
பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார்.
நரையைத் தொட்டு "இது எப்போது வந்தது?" என்கிறார்,
தான் ஊரில் இல்லாதபோது
வந்துபோன விருந்தாளியை விசாரிப்பதுபோல்.
அந்தக் கண்களில் நான் ஒரு குற்றமும் செய்யாதவள்.
அவள் நானில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
கிந்தௌதாஸைவிட நான் எதில் மேல்?
அவனாவது மீன் கொண்டுவந்தான்.

விளக்கை அணைத்தேன்.
என் கையைப் பிடித்தபடியே பேசினார்.
பனி கரைந்ததும்
சின்னதாக ஒரு படகு வாங்கலாம் என்றார்,
பாதிப் பங்கு கிந்தௌதாஸுக்கு.
பேச்சு தேய்ந்து மூச்சானது. கை நழுவியது.
பிறகு அந்த உடம்பு,
யாரும் சொல்லித்தராமல்,
மெல்லப் புரண்டு
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது.

அந்த முதுகை எனக்குத் தெரியும்.
கௌனஸில், என்று
அதனிடம் சொல்லத் தொடங்கினேன்.