பூஜ்யமாவது மாடு

டார்ட்டு பல்கலைக்கழகம், முதல் செமஸ்டர்.
நான்கு மணிக்கே இருட்டிவிடும் நவம்பர்.
கணினி ஆய்வகத்தில் பதினோரு பேர்,
ஒரே ஒரு ஹீட்டர்.
அதன் பக்கத்து நாற்காலிக்கு
அல்காரிதம் எழுதி முறை வைத்தான் டானெல்.
முறை அவனுக்கே அடிக்கடி வந்தது.

எண்ணிக்கை இங்கே பூஜ்யத்தில் தொடங்கும் என்றார்கள்.
எனக்கு ஒப்பவில்லை.
ஒரு ஆப்பிள் இருந்தால் அது ஒன்றாவது.
பூஜ்யமாவது ஆப்பிளை யார் கடிப்பது?
தேர்வில் ஒன்றிலிருந்தே எண்ணினேன்.
எட்டு மதிப்பெண் போயிற்று.
விடைத்தாள் ஓரத்தில் சிவப்பு மை:
முதல் ஆளை விட்டுவிட்டீர்கள்.

அப்புறம் மூன்று வருடம்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
ஒற்றை அரைப்புள்ளியைத் தேடிய இரவுகள்.
மெரிகே சொல்லாமல் கொள்ளாமல் விலகி
பேக்கரி திறந்தாள்;
எங்களில் முதலில் கடன் அடைத்தவள் அவள்தான்.
டானெல் ஃபிராங்க்ஃபர்ட்டில்
ஒரு நொடியை ஆயிரமாய் நறுக்கி விற்கிறானாம்.
மற்றவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.
பாதிப் பேருக்குத்
தாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்று
வீட்டில் விளக்கத் தெரியவில்லை.

நான் மாட்டுத் தொழுவத்துக்கு வந்து சேர்ந்தேன்.

சிரிக்காதீர்கள்.
வோருவுக்குத் தெற்கே நூற்றிருபது மாடுகள்,
கறக்க இரண்டு ரோபோக்கள்,
கழுத்துக்கு ஒரு சில்லு.
எவள் வந்தாள், எவள் வரவில்லை,
எவளுக்கு மடி கனக்கிறது,
கதவை எவளுக்குத் திறப்பது
என்று சொல்லும் நிரல் என்னுடையது.
புதிய பதிப்பை வெள்ளிக்கிழமை மதியம் ஏற்றினேன்.
வெள்ளிக்கிழமை ஏற்றக்கூடாது என்பது
எந்தப் பாடத்திலும் இல்லை.

சனி விடிகாலை மூன்று மணிக்கு
பண்ணைக்கார ஹெல்யூவின் ஃபோன்.
"ஒருத்தி கத்திக்கொண்டே இருக்கிறாள்.
உங்கள் மிஷின் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது."
அவள் பேச்சுக்குப் பின்னால் அந்தக் கத்தல்.
பனிச்சாலையில் நாற்பது நிமிடம்
அது காதைவிட்டுப் போகவே இல்லை.

தொழுவத்துத் திரையில் எல்லாம் பச்சை.
பிழை எதுவும் இல்லை.
எண்ணிப் பார்த்தேன்.
நூற்றுப் பத்தொன்பது பச்சை.

இன்னொரு தடவை எண்ணவேண்டியிருக்கவில்லை.

பெயர் புனிக். சிவப்பி.
பட்டியலின் தலையில் நின்றவள்.
மடி கல்லாய் இறுகி,
என் நிரலில் இல்லவே இல்லாதவள்.
ஹெல்யூ முக்காலி போட்டுக் கையால் கறந்தாள்.
நான் டார்ச் பிடித்தேன்.
வாளியில் விழுந்த முதல் பீச்சலின் சத்தத்தில்
வெட்கம் காதுவரை ஏறியது.

"எவ்வளவு பெரிய தப்பு?" என்றாள், தலை நிமிராமல்.
"ஒரு இலக்கம்."
"ம்."

ஒன்றை அழித்துப் பூஜ்யம் இட்டேன்.
கதவு திறந்தது.
புனிக் போகவில்லை.
வாசலிலேயே நின்று
ரோபோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
திரும்பி நடந்தாள்.

"அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கும்"
என்றாள் ஹெல்யூ.
பிறகு வாளியைக் கழுவி
என் கையில் கொடுத்தாள்.
"சாயங்காலம் ஐந்துக்கு வாருங்கள்.
நகத்தை வெட்டிக்கொண்டு."