அறையொலி

ஏழு இடங்களில் ஒலியை நீக்கச் சொல்லித் தாள் வந்தது.
நிமிடம், நொடி, எதிரே வசனம்.
சாலிகிராமத்தில் மழை. ஸ்டுடியோ ஏசியிலிருந்து
பக்கெட்டில் தண்ணீர் சொட்டுகிறது.
இயக்குநர் வரவில்லை. போனில்,
"எடுத்துடு ஜெபசீலி," என்றார்.
"இல்லன்னா வெள்ளிக்கிழமை கைய விட்டுப் போயிடும்."

சொல்லை எடுப்பது சுலபம்.
இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு.
ஆனால் எடுத்த இடத்தைச் சும்மா விடக் கூடாது.
சுத்தமான மௌனம் தியேட்டரில் பள்ளம் மாதிரி கேட்கும்;
ஸ்பீக்கர் அவுட்டென்று விசிலடிப்பார்கள்.
அதனால் அங்கே அறையொலியை ஒட்டுவோம்.
ஆட்கள் வாயை மூடியிருக்கையில்
அந்த இடம் தனக்குள் முனகிக்கொள்வது.
ஒவ்வொரு செட்டிலும் அரை நிமிடம்
எல்லோரையும் அசையாமல் நிறுத்திப் பதிவு செய்வேன்.

இந்தப் படத்துக்கு, எண்ணூர் பக்கம்
ஒரு பழைய குடோனுக்குள் போட்ட போலீஸ் ஸ்டேஷனில் எடுத்தேன்.
மின்விசிறியின் டக், டக்.
தூரத்தில் கன்டெய்னர் லாரி.
பூங்காவனத்தக்காவால் மட்டும் நிற்க முடியவில்லை,
வளையல் இடித்துவிட்டது.
"ஐயோ, கெடுத்துட்டனா?"
அந்த ஐயோவும் என்னிடம் இருக்கிறது.

அவள் நடிகை இல்லை. காசிமேட்டில் மீன் ஆய்பவள்.
படத்தில், இரவு கூட்டிப்போன மகனைத் தேடி வருகிறாள்.
எழுத்தர் நிமிராமல் கேட்கிறார்:
எந்தத் தெரு?
அவள் சொல்கிறாள்.
அவர் பேனாவை மூடுகிறார்.

நீக்கச் சொன்னது அவள் சொன்னதை.
பேனா மூடும் சத்தத்தில்
யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

டப்பிங்கில் அதை ஒரே டேக்கில் பேசியவள்.
"இதுக்கு இன்னா ரிகர்சலு?
ரேஷன் கடைல, இஸ்கூல்ல, வாடகைக்கு வூடு கேட்டப்போ,
எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்."

இரண்டரை நொடி.
எடுத்தேன். விசிறியையும் லாரியையும் வைத்துத் தைத்தேன்.
நல்ல வேலை. தையல் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, ஓட்டேரியில்
இன்னும் இடிக்காத ஒற்றைத் திரை அரங்கு.
கடைசி வரிசை, மடியில் போன், ரெகார்டர் ஓடுகிறது.
ஒலி எப்படிப் போகிறதென்று பார்க்கும் பழக்கம்.
அந்தக் காட்சி வந்தது.
எந்தத் தெரு?
அவள் உதடு அசைந்தது. டக், டக். லாரி.

முன்னாலிருந்து ஒரு பெண் குரல்,
கத்தவில்லை, கவுன்ட்டரில் பதில் சொல்கிற மாதிரி:
"ஓடைக்கரை."
இந்தப் பக்கம் ஒரு பையன்: "வாட்டர் டேங்க் சந்து."
"மூணாவது பிளாக்."
"எங்க தெருவ இடிச்சிட்டாங்க சார்,
இப்ப பெரும்பாக்கம்."
யாரோ சிரித்தார்கள். யாரோ சிரிக்கவில்லை.
நான் வெட்டிய பெயரை ஒருவரும் சொல்லவில்லை.
எல்லாம் அவரவருடையது.
படம் நிற்கவில்லை, அது அதன் பாட்டுக்குப் போனது;
பேனா மூடியது மட்டும்
அந்தக் கூச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

ஸ்டுடியோவில் யாராவது கேட்டால் நான்
வில்லிவாக்கம் பக்கம் என்பேன்.
பக்கம் என்பது பெரிய சொல்,
அதற்குள் இரண்டு பாலமும் ஒரு ரயில்வே கேட்டும் அடங்கும்.
பதினோரு வருடமாக அடக்கி வைத்திருக்கிறேன்.

ராத்திரி ஹெட்போனில் போட்டுக் கேட்டேன்.
ஓடைக்கரை. சந்து. பிளாக். சிரிப்பு.
அதற்கும் அடுத்த குரலுக்கும் நடுவே,
மைக்குக்கு மிக அருகில்,
ஒருத்தி மூச்சை உள்ளே இழுக்கிறாள்,
ஏதோ சொல்லப்போகிறவள் போல.
பிறகு நாற்காலி கிறீச்சிடுகிறது, அவ்வளவுதான்.

மூன்று தடவை கேட்டுவிட்டு
சேமிக்கப் போனேன்.
என்ன பெயர் என்று
கேட்டுக்கொண்டு நிற்கிறது கணினி.