பதிவாளருக்கு, ககரம் பற்றி

ஐயா, அல்லது அம்மா,
அல்லது இரவு ஷிஃப்டில் பதில் சொல்லும் இயந்திரமே,
என் டிக்கெட் இலக்கம் ஆறு ஆறு ஒன்று சைபரில் முடிகிறது.
பெயர் சுகிர்தா. ஊர் கல்லடி, மட்டக்களப்பு.
பெயரைத் திருப்பிக் கேட்டு எழுதும் ஐந்தாவது கடிதம் இது.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு.
மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து ஏறுவார்.
ஜீவகரனும் அப்படித்தான் வந்தார்.
உறுதியில் என் பேர், தண்ணிப் பில்லில் என் பேர்,
சூறாவளியில் விழுந்த தென்னைக்கு நிவாரணம் பதிந்தபோதும்
கிராம சேவகர் என் பேரைத்தான் எழுதினார்.

கேக் செய்யத் தொடங்கிய வருஷம்
"ஒரு வெப்சைட் போடுவம்" என்றார்.
நான் ஐசிங் அடித்துக்கொண்டிருந்தேன், கை முழுக்க பட்டர்.
படிவத்தை அவர் நிரப்பினார்.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
கைக்கு எது வந்ததோ அதைப் போட்டார்:
தன் பேர், தன் ஈமெயில்.
அது களவு இல்லை. அப்போது இல்லை.

இப்போது அவர் ஆரையம்பதியில், தமக்கை வீட்டில்.
சூட்கேசும் போய்விட்டது.
வீடு என் பேரில் இருக்கிறது.
என் பேர் அவர் பேரில் இருக்கிறது.

நீங்கள் மரியாதையாகத்தான் எழுதினீர்கள்:
ஏட்டில் உள்ளவரே உரிமையாளர்,
நாங்கள் நீதிமன்றம் அல்ல.
பற்றுச்சீட்டு ஏழு அனுப்பினேன்,
ஏழு வருஷமும் என் கார்ட்டில் வெட்டிய காசு.
கட்டியவர் வேறு, உரியவர் வேறு என்றீர்கள்.
அது எனக்குப் புதுசில்லை.

புளியந்தீவில் ஒரு வக்கீலிடம் போனேன்,
காணி வழக்குகளில் தலை நரைத்தவர்.
"எத்தனை பேர்ச்?" என்றார், நிமிராமலே.
பதின்மூன்று எழுத்து, ஒரு புள்ளி,
அதற்குப் பின்னால் மூன்று என்றேன்.
வடக்கெல்லை?
இல்லை.
ஆட்சியில் இருப்பது யார்?
அவர்.
பேனையை மூடினார்.

முறைப்பாட்டுக்கு ஒரு சபை இருக்கிறதாம்.
ஆயிரத்தைந்நூறு டொலர், அதோடு ஒரு வர்த்தகக் குறி.
கணக்குப் பார்த்தேன்: நூற்றைம்பது ரிப்பன் கேக்,
முட்டை விலை ஏறாமல் இருந்தால்.

ஆகவே காத்திருந்தேன்.
வங்கிக்குச் சொல்லிக் கார்ட்டை நிறுத்தினேன்.
அவர் மறதிக்காரர், கரண்ட் பில்கூட
சிவப்பு நோட்டீஸ் வந்தால்தான் நினைவு வரும்.
ஓகஸ்ட் பதினாலு, காலாவதி.
உங்கள் சட்டத்தில் ஒரு பேர் உடனே சாகாது:
முப்பது நாள் தவணை, மீட்க இன்னொரு முப்பது,
பிறகு ஐந்து நாள் யாரும் தொட முடியாது.
எங்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு சரி.

இருபத்தெட்டாம் நாள், இரவு பதினொன்றுக்கு,
அவர் கட்டிவிட்டார். பத்து வருஷத்துக்கு.
அழுதேன். பிறகு, நம்ப மாட்டீர்கள்,
கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது:
அந்த மனிசன் ஒரு தேதியை
நினைவில் வைத்திருந்தது இதுதான் முதல் தடவை.

ஐயா, உங்கள் ஏட்டுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.
தமிழில் 'கி' ஒன்றுதான்.
அம்மா என்னைக் கூப்பிட்டபோது
அதில் ஜீயும் இல்லை, கேயும் இல்லை.
போன மாதம், ஜீ இருந்த இடத்தில் கே போட்டு
புதுப் பேர் வாங்கினேன்.
உரிமையாளர் யார் என்று கட்டம் கேட்டது.
கையைக் கழுவித் துடைத்துவிட்டு எழுதினேன்.

மிச்சமிருந்த முந்நூறு பெட்டியிலும்
ஜீக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டினேன்.
கல்லடிப் பாலத்தில் காற்றுப் பிடித்தால்
சிலது உரிந்து, பழைய எழுத்து எட்டிப் பார்க்கும்.
பார்க்கட்டும்.

இந்த டிக்கெட்டை நீங்கள் மூடலாம்.

பி.கு.
பழைய பேரில் இன்னும் ஓடர் விழுகிறது. காசு அவருக்கு.
இன்று காலை ஊறணியிலிருந்து ஒரு அம்மா:
"கனடாவில இருந்து மகன் காசு கட்டிட்டானாம்,
கேக் இன்னும் வரல்லயே புள்ள."
யாரிடம் கட்டினான் என்று நான் கேட்கவில்லை.
கேக்கில் என்ன பேர் போட வேணும் என்று கேட்டேன்.
எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள் என்றேன்.